மம்பெத்தை அணை

எங்கள் தலைமைப் பொறியாளர் ஷர்ஷென் பைகேவுக்குக் கற்பனை கொஞ்சம் மட்டு. 'பைகே' என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். பிஷ்கெக்கின் ஓரத்தில், மூடிப்போன துணி ஆலைக்குள் இருக்கும் எங்கள் சர்வர் கூடத்தில் ஒவ்வொரு சர்வருக்கும் தன் ஊர் ஆம்பளைகளின் பெயரையே வைத்துவிட்டார். எசென், ஜுனுஷ், மம்பெத். அவருக்கு அதில் ஏகப் பெருமை. கூட வேலை செய்யும் புருலுக்கோ தலைவலி. மம்பெத் என்பது அவளுடைய மாமனாரின் பெயர்.

எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்வதில்லை. புருல் படித்தவள், எங்கள் நெட்வொர்க் முழுவதும் அவள் கையில்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் இம்மியும் அசையமாட்டாள். அந்த சர்வர் அவளுக்குப் 'பெரியவர்'. "பெரியவருக்குச் சூடு ஏறுது, காத்தாடியைப் பாரு திலெக்" என்பாள். "பெரியவருக்குக் கஞ்சி ஏதாவது வச்சுக் குடுக்கவா?" என்பேன் நான். பதிலுக்கு என்னைப் பார்க்கும் பார்வையில் ஆள் பாதி செத்துவிடுவான்.

புருலை எதற்கும் சீக்கிரத்தில் திருப்ப முடியாது. பிடித்தால் பிடித்ததுதான். அவள் போன வருடம் பிடித்த பிடியைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன்.

அவள் கணவன் குபாத் லாரி ஓட்டுகிறான். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கணவாய் வழியாக நகரத்துக்கு நிலக்கரி கொண்டு வருவான். கணவாயில் பனிச்சரிவு வரப்போகிறது என்று மேலே நட்டிருக்கும் கருவிகள் சொன்னால், அந்தத் தகவல் எங்கள் கூடத்துக்கு வந்து, இங்கிருந்து ஓட்டுநர்களின் போனுக்கு எச்சரிக்கையாகப் போகும். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒரு எச்சரிக்கை தாமதமாகப் போனது. குபாத்தின் போன் மணியடித்தபோது அவனுடைய லாரியின் மூக்கு ஏற்கெனவே பனிக்குள் புதைந்திருந்தது. பிழைத்தான். இடது காலில் இரண்டு விரல் போயிற்று. "செருப்பு இனிமே லேசாயிருக்கும்" என்று அவன் சிரித்தான். புருல் சிரிக்கவில்லை.

தாமதம் எங்கே என்று அவளே தோண்டிக் கண்டுபிடித்தாள். ஒரு சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகள் குடித்தனம் இருக்கின்றன. பனிச்சரிவு எச்சரிக்கைக் கணினியும் அதில் ஒரு குடி. பக்கத்துக் குடிகளில் பாதி, ஆன்லைன் விளையாட்டுக்காரர்கள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தகவல் பாக்கெட்டும் யாருக்கு, உள்ளே விடலாமா என்று முகவரி பார்க்கும் வேலையை சர்வரின் பிராசஸரே செய்துகொண்டிருந்தது. சமைக்கிறவளே அடுப்பை விட்டுவிட்டு ஒவ்வொரு தட்டலுக்கும் வாசலுக்கு ஓடினால் சோறு எப்போது வேகும்? விடுமுறை நாளில் விளையாட்டுக்காரர்கள் குவிந்தால் எச்சரிக்கை வரிசையில் நின்றது.

"முகவரி பாக்குற வேலையை நெட்வொர்க் கார்டு தலையில கட்டிடலாம் பைகே" என்றாள் புருல். "அதுக்குள்ளயே அதுக்குன்னு சில்லு இருக்கு. யார் யாருக்கு என்ன முகவரின்னு சொல்லிட்டா, ஆகாததை வாசல்லயே தள்ளிடும். பிராசஸர் வரைக்கும் வராது."

"செஞ்சு பாரு" என்றார் ஷர்ஷென் பைகே, தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே.

செய்தாள். அருமையாக ஓடியது. ஆனால் ஒரு சர்வர் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒத்திகை பார்த்த அன்றைக்கு மானம் போயிற்று.

எச்சரிக்கைக் கணினி உண்மையில் இரட்டை. மூத்தது மம்பெத்தில், துணைக்கு ஒன்று எசெனில். இரண்டுக்கும் சொந்த முகவரி உண்டு. அதோடு பொது முகவரி ஒன்றும் உண்டு. மலைக்கருவிகளுக்குத் தெரிந்தது அந்தப் பொது முகவரி மட்டும்தான். மூத்தது விழுந்தால் துணை அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒத்திகையில் மூத்ததை நிறுத்தினோம், துணை பொது முகவரியை எடுத்துக்கொண்டது, எசெனின் கார்டோ 'இந்த முகவரி எனக்குத் தெரியாது' என்று வந்த தகவலையெல்லாம் வாசலிலேயே தள்ளிவிட்டது. சத்தமே இல்லை. ஒரு பிழைச்செய்திகூட இல்லை.

"போதும்மா. பழையபடி மாத்து" என்றார் ஷர்ஷென் பைகே.

"மாத்தமாட்டேன்."

"அப்போ குடியிருக்கிறவன் எந்த முகவரி கேட்டாலும் கார்டு விடட்டும். ஒரு சொடுக்குல ஆகிடும்ல?"

"விளையாட்டுக்காரன் நாளைக்கு எச்சரிக்கையோட முகவரியைக் கேட்டா? அதையும் குடுக்குமே! திருடன் கையில சாவியக் குடுக்கறதுக்குப் பேரு வேலையா பைகே?"

"உன் புருஷன் லாரிக்காக என் கூடத்தையே பிரிச்சுப் போடுறியே!"

"ஆமா, என் புருஷனுக்காகத்தான். வேற எதுக்காம்?"

முதல் பனிக்குள் முடி, முடியாவிட்டால் பழையபடிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். புருல் அந்த இலையுதிர்காலம் முழுக்க கார்டோடு மல்லுக்கட்டினாள். இரண்டு சர்வரின் கார்டுக்கும் எச்சரிக்கைக் கணினியின் சொந்த முகவரியையும் பொது முகவரியையும் முன்கூட்டியே சொல்லிவைத்து, வேறு எதைக் கேட்டாலும் மறுக்கும்படி செய்தாள். கேட்பதற்குச் சின்ன வேலை. கார்டு தயாரித்தவன் எழுதிய நிரலில் இருந்த ஓட்டையைச் சுற்றி வர அவளுக்கு எத்தனை வாரம் பிடித்தது என்று அவளைத்தான் கேட்க வேண்டும். அவள் மெலிந்துபோனாள். எங்களை வதைத்தாள். முடித்தாள்.

முதல் பெரும்பனி ஞாயிற்றுக்கிழமை மதியம் விழுந்தது. அன்றைக்குக் கரா-பால்டாவில் அவள் மாமனார் வீட்டில் கொழுந்தன் குழந்தை முதலடி வைத்ததற்கு விருந்து. குபாத் கணவாயில் வந்துகொண்டிருந்தான். கூடத்தில் நான் தனியாக இருந்தேன்.

அப்போது பார்த்து மம்பெத்துக்கு வலிப்பு வந்தது. சர்வர் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. உறையும்; துணை பொது முகவரியை எடுக்கும்; உடனே இது விழித்துக்கொண்டு 'என்னுடையது' என்று பிடுங்கும்; மறுபடி உறையும். மலையிலிருந்து வரும் தகவல் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் அலைந்தது. நான் புருலை அழைத்தேன்.

"கையெல்லாம் மாவு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், சொல்லு" என்றாள். பின்னால் கும்மாளம் கேட்டது. நான் சொன்னதும் அவள் குரல் மாறியது. "மின்சாரத்தைப் பிடுங்கு. இப்பவே."

"எதை?"

"உனக்குத் தெரியாதா? பெரியவரை!"

எங்கள் கூடத்தில் ஒரு விதி உண்டு. பொறுப்பாளர் சர்வரின் பெயரை வாய்விட்டு இரண்டு முறை சொல்லாமல் யாரும் மின்சாரத்தில் கை வைக்கக்கூடாது. ஒரு தடவை தவறான சர்வரைப் பிடுங்கி ஒரு ஊரின் தொலைபேசியே ஊமையான பிறகு வந்த விதி அது. விதி என்றால் விதிதான், நான் அதில் வளைய மாட்டேன்.

"பேரைச் சொல்லு புருல்."

"திலெக், இங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க."

"பேரு."

கும்மாளம் அடங்கிவிட்டிருந்தது. அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று பிறகு சொன்னாள்: மாமியார், நாத்தனார்கள், அக்கம்பக்கத்துக் கிழவர்கள், எல்லோருக்கும் மேலே, மரியாதைக்குரிய இடத்தில், மாமனார்.

"மம்பெத்தை அணை" என்றாள் புருல். தெளிவாக, உரக்க.

யாரோ ஒரு கிழவி "ஐயோ, என்ன வார்த்தை!" என்று அலறினாள். ஒரு கிண்ணம் உருண்ட சத்தம். ஆனால் ஒரு முறைதான் சொல்லியிருந்தாள்.

"இன்னொரு தடவை" என்றேன்.

அவள் வாய் திறப்பதற்குள் கரகரவென்று ஒரு ஆண்குரல் போனுக்குள் புகுந்தது. "யாருடா நீ? இந்த விருந்துல என் மருமகளை என்ன சொல்ல வைக்கிற?"

"அத்தா, கணவாய் எச்சரிக்கை நின்னுபோச்சு" என்று புருல் அழுகைக்குரலில் சொன்னாள். "அந்த மிஷினுக்கு உங்க பேரு. அதை அணைக்காட்டி செய்தி போகாது. அவரு இப்ப கணவாய்ல மேல இருக்காரு."

"டேய்," என்றார் கிழவர், "மம்பெத் பேசறேன். என் மருமக சொன்னது காதுல விழலையா? மம்பெத்தை அணைச்சுத் தொலைடா!"

பொறுப்பாளர் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. அன்றைக்கு வளைந்தேன். வடத்தைப் பிடுங்கினேன்.

எசென் பொது முகவரியை எடுத்துக்கொண்டது. அந்த சர்வருக்குள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்காரர்கள் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். பழைய எசெனாக இருந்திருந்தால் மூச்சுத் திணறியிருக்கும். புருலின் கார்டு பொது முகவரியை அடையாளம் கண்டு உள்ளே விட்டது, மற்றதையெல்லாம் தானே பிரித்துப் போட்டது. பிராசஸர் சும்மா இருந்தது. தேங்கியிருந்த எச்சரிக்கைகள் எல்லாம் என் கண்முன்னே திரையில் பறந்து போயின.

அந்தப் பக்கம் போனை யாரும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பிறகு அங்கே இன்னொரு போன் அடித்தது, யாரோ அதையும் ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"நிறுத்திட்டேன்" என்றது குபாத்தின் குரல். "செய்தி வந்ததும் ஓரங்கட்டிட்டேன். எனக்கு முன்னாடி இப்ப ரோடே இல்ல புருல். வெறும் வெள்ளை."

மாமியார் வாய்விட்டு அழுதாள். புருல் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. கிழவர் மூக்கைச் சிந்துவது மட்டும் நன்றாகக் கேட்டது.

"மருமகளே," என்றார், "வேலை இடத்துல என் பேரைச் சொல்லிக்கோ. எத்தனை தடவை வேணும்னாலும் அணைச்சுப் போடு. வீட்டுல மட்டும் வேண்டாம்."