கியர் விழாத வெள்ளிக்கிழமை

மாதப்பனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அப்புறம்தான் வாய் திறக்கும். அந்த வெள்ளிக்கிழமை காலை, மத்திகிரி மாட்டுப் பண்ணையைத் தாண்டிய ஏற்றத்தில் வண்டி இரண்டாவது கியரிலேயே மாட்டிக்கொண்டு உறுமியபோது, ஹெல்மெட்டுக்குள் இரண்டு காதும் கொதித்துக்கொண்டிருந்தன.

கியர் லிவரை முன்னால் மிதித்தார். அசையவில்லை. குதிகாலால் பின்னால் குத்தினார். கால்தான் வலித்தது. பின்னால் வந்த லாரிக்காரன் தலையை நீட்டி, என்ன சாமி, தூக்கமா என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போனான். அதே கன்னடத்தில் மாதப்பன் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் அவர் தேன்கனிக்கோட்டையில் சம்பந்தி வீட்டில் இருந்தாக வேண்டும். பேத்திக்கு இன்று பேர் வைக்கிறார்கள். அப்பனைப் பெற்றவன் குழந்தையின் காதில் பேரைச் சொன்ன பிறகுதான் அதைத் தொட்டிலில் போட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவர் வரவில்லை என்றால் சம்பந்தி சொல்லிவிடுவார். சம்பந்திக்கு அதில் ஆசையும் உண்டு.

பேர் ரித்விகா. மகன் ஹரீஷ்குமாரும் மருமகளும் செல்போனைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. மாதப்பனின் நாக்கில் அது முதலில் ஏறவே இல்லை. கம்பெனியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கியபடி ஒரு வாரம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார். பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்தார்கள்.

ஓசூர் சிப்காட்டில் பேக்கிங் செக்‌ஷன்தான் அவருடைய வாழ்க்கை. ஊரில் இருந்த துண்டு நிலத்தில் ராகி போட்டு, அது கதிர் பிடிக்கும்போதெல்லாம் யானை வந்து மிதித்துவிட்டுப் போக, ஒரு நாள் கோபத்தில் மண்வெட்டியை வீசிவிட்டு பஸ் ஏறியவர். கான்ட்ராக்டில் சேர்ந்தார். சூப்பர்வைசர்கள் மாறினார்கள், கம்பெனியின் பேர்கூட மாறியது. அவர் மட்டும் இன்னும் கான்ட்ராக்ட்தான். ஆனால் மாதப்பன் கட்டிய பெட்டி வழியில் அவிழ்ந்தது என்று ஒரு புகார் வந்ததில்லை. டில்லிக்குப் போனாலும் கட்டின கட்டு அப்படியே இருக்கும். அவருக்குத் தளர்த்திக் கட்டத் தெரியாது. வேட்டியைக்கூட மூச்சு முட்டத்தான் கட்டுவார்.

நைட் ஷிப்ட் முடிந்தும் மாற்று ஆள் வராமல் தாமதமாகிவிட்டது. அந்தக் கோபம் ஒன்று. இப்போது இந்தக் கியர். போன் அடித்தது.

"அப்பா, எங்க இருக்கீங்க?" ஹரீஷ்குமார்.

"ரோட்ல."

"வண்டியா? பஸ்ஸுல வாங்கன்னு சொன்னனே. அந்தப் பழைய டப்பாவ வித்துடுங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"இந்த டப்பா மேல உக்காந்துதான்டா நீ ஸ்கூலுக்குப் போன. வைடா போன!"

இன்ஜினை அணைத்து, ஆட்டி ஆட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, வண்டியைத் திருப்பித் தள்ளினார். இறக்கம்தான். பின்சீட்டில் கட்டியிருந்த தொட்டில் கட்டைகள் இடித்துக்கொண்டே வந்தன. யார் மேல் பாய வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக் ஷேக் தாவூத் ஆயில் மாற்றினான். திங்கட்கிழமையிலிருந்து கியர் விழவில்லை. சிக்னலில் நின்றால் நியூட்ரல் கிடைக்கவில்லை. கிளட்சைப் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னால் நகர்ந்தது. புதன்கிழமை போய்ச் சத்தம் போட்டார். தாவூத் கிளட்ச் ஒயரைக் கொஞ்சம் இழுத்து வைத்துக் கொடுத்தான். ஒன்றும் மாறவில்லை.

"ஏய் தாவூத்து! என்னா ஆயிலுடா ஊத்துன எனக்கு?"

கடை வாசலில் ஸ்கூட்டரைக் கழற்றிக்கொண்டிருந்த தாவூத் எழுந்தான். "வாங்கண்ணா. இன்னைக்குப் பேத்திக்குப் பேரு வெக்கிறதுன்னு சொன்னீங்களே?"

"அதுக்குப் போக விட்டியா நீ? கள்ள ஆயில ஊத்தி என்ன நடுரோட்ல நிக்க வெச்சிட்ட!"

"உங்க கண்ணு முன்னாலதானேண்ணா சீல் ஒடச்சேன். காலி டப்பாவக்கூட நீங்கதான் எடுத்துனு போனீங்க."

"டப்பாவப் பத்தி எதுக்குப் பேசற? கியரப் பத்திப் பேசு!"

தாவூத் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றினான். ஸ்டார்ட் செய்து, கிளட்சைப் பிடித்து, முதல் கியரைப் போட்டான். கிளட்ச் பிடித்திருந்தும் பின்சக்கரம் வேகமாகச் சுற்றியது. பிரேக்கை மிதித்துப் பார்த்தான். இன்ஜின் திணறியது.

"கிளட்ச் முழுசா விடலண்ணா. பாதி புடிச்சினே இருக்குது. அதான் கியர் விழல. ஆயிலு இல்ல."

"அப்ப என்னா?"

தாவூத் ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பிக் கிளட்ச் லிவரை அமுக்கினான். கல் மாதிரி இருந்தது. வலப்பக்கம் திருப்பினான். கொஞ்சம் இளகியது. ஹெட்லைட்டைப் பார்த்தான். மாதப்பனைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"ஒயரு மாத்திப் பாக்கலாமாண்ணா?"

"மாத்து! எதையாவது மாத்து! மணி என்னா ஆவுது தெரியுமா?"

தாவூத் உள்ளே போய்ப் புது ஒயர் எடுத்துவந்தான். எடுத்து வந்தவன், அதைக் கையில் சுற்றிக்கொண்டு வண்டியின் முன்னால் சும்மா நின்றான். ஸ்பேனரை எடுக்கவில்லை.

"என்னாடா நிக்கிற? ஒயருக்கு மாலை போடணுமா?"

கடைக்குப் பின்னால்தான் வீடு. சத்தம் கேட்டு தாவூத்தின் மனைவி ரஹமத் பீவி டீ டம்ளரோடு வந்தாள். மாதப்பன் கையில் அதைத் திணித்துவிட்டுப் புருஷனிடம் திரும்பினாள்.

"ஏங்க, சொல்லித்தான் தொலைங்களேன். புதன்கிழமைல இருந்து எங்கிட்ட பொலம்பறீங்க இல்ல? அவருகிட்ட சொல்றதுக்கு என்னா?"

"நீ உள்ள போ."

"போவ மாட்டேன். அண்ணா, அந்தக் கயிறுதான். நீங்க கட்டினீங்களே, ஹெட்லைட்டுல. கிளட்ச் ஒயரையும் சேத்து இறுக்கிக் கட்டிட்டீங்க. பாருங்க, கழுத்த நெரிச்ச மாதிரி கெடக்குது."

மாதப்பன் குனிந்து பார்த்தார்.

கறுப்புக் கயிறு, பெருவிரல் தடிமன், நடுநடுவே சோழி கோத்தது. அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பேத்தியை முதல்முதலாகப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வாங்கியது. அந்தக் குழந்தை அவருடைய விரலைப் பிடித்த பிடியில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவளைப் பார்க்கப் போகும் வண்டி, அதன் மேல் எவன் கண்ணும் படக்கூடாது என்று ஹெட்லைட்டைச் சுற்றிக் கட்டினார். பெட்டி கட்டுகிற கை. சுற்றுக்குச் சுற்று இறுக்கினார். உள்ளே அகப்பட்ட கிளட்ச் ஒயர் மடங்கி, நசுங்கி, ஒரு முழங்கைபோல முறுக்கிக்கொண்டு நின்றது.

ஆயில் காலையில். கயிறு சாயங்காலம். அவர் ஆயிலை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்.

காது மறுபடியும் சிவந்தது.

"உனக்குத் தெரியும்?"

"தெரியும்ணா."

"புதன்கிழமையே தெரியும்?"

"ம்."

"தெரிஞ்சிக்கினே ஒயர இழுத்து வெச்சி அனுப்பிச்சிட்ட! நான் உன்ன நடுரோட்ல வெச்சித் திட்டறேன், நீ வாங்கிக்கினு நிக்கிற! இத்தினி வருசமா என் வண்டியத் தொடற, ஒரு கயித்தப் பத்திச் சொல்ல வாய் வரலியா உனக்கு?"

தாவூத் கந்தல் துணியில் கையைத் துடைத்தான். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"சாமி கயிறுண்ணா. பேத்திக்காகக் கட்டினேன்னு நீங்களே சொன்னீங்க. அவுருங்கன்னு நான் எப்படிச் சொல்றது? நாளைக்குப் புள்ளைக்கு ஒரு சளி, காய்ச்சல்னு வந்தாலும், பாய்க்கடையில அவுத்தாங்க, அதான்னு பேசுவாங்க."

"யாரு பேசுவாங்க? நான் பேசுவனா?"

"நீங்க பேச மாட்டீங்க."

"அப்புறம் எவன் பேசுவான்?"

தாவூத் துணியை மடித்து வைத்தான். எவன் என்று அவன் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி டீ நேரத்தில் அப்படிப்பட்ட பேச்சு எத்தனை முறை காதில் விழுந்திருக்கிறது. அப்போதெல்லாம் மாதப்பனின் காது சிவக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். இப்போது வந்த கோபத்துக்கு அடிக்க ஆள் அங்கே யாரும் இல்லை. டம்ளரைக் கீழே வைத்த வேகத்தில் பாதி டீ சிந்தியது.

முடிச்சில் கை வைத்தார். அவர் போட்ட முடிச்சு அவருக்கே வழிவிடவில்லை. நகத்தால் நோண்டினார், பல்லால் இழுத்தார்.

"கட்டர் தரட்டுமாண்ணா?"

"அறுக்கக் கூடாதுடா! ஸ்க்ரூட்ரைவர் குடு. சின்னது."

போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. "அடிக்கட்டும்" என்று அதனிடமே கத்தினார். முடிச்சுக்குள் ஸ்க்ரூட்ரைவரைச் செருகி நெம்ப, ஒரு வழியாக இளகியது. சுற்று சுற்றாகப் பிரித்தார். ஒயர் மெல்ல நிமிர்ந்தது. ஆனால் நசுங்கின இடம் நசுங்கினதுதான். தாவூத் இப்போது ஸ்பேனரை எடுத்தான். அவன் கை பேசாமல் ஓடியது. பழைய ஒயர் வெளியே, புதுசு உள்ளே. லிவரைப் பிடித்தான். வெண்ணெய் மாதிரி வந்தது. கியரை மிதித்தான். டக். இன்னொன்று. டக். நியூட்ரல், பச்சை விளக்கு.

மாதப்பன் வண்டியில் ஏறினார். கையில் கறுப்புக் கயிறு. அதைப் பார்த்தார். பிறகு தாவூத்தின் முன்னால் நீட்டினார்.

"கட்டு."

"நானா?"

"பின்ன? நான் கட்டினா மறுபடியும் எதையாவது நெரிப்பேன். எங்க கட்டினா ஒயருல படாதுன்னு உனக்குத்தானே தெரியும்? கட்டுடா, நேரமாவுது!"

தாவூத் மனைவியைப் பார்த்தான். "கட்டுங்க" என்றாள் அவள். அவன் குனிந்து, கிராஷ் கார்டுக் கம்பியின் ஓரத்தில், எதிலும் உரசாத இடமாகப் பார்த்து இரண்டு சுற்று சுற்றி முடிந்தான்.

"இனிமே ஏதாச்சும் இருந்தா சொல்லு. வாயத் தெறந்து சொல்லு" என்று அதட்டிவிட்டு மாதப்பன் கிளம்பினார். மன்னிப்பு என்கிற சொல் அவர் வாயில் வந்ததில்லை. அன்றும் வரவில்லை.

ஏற்றத்தில் மூன்றாவது கியர் விழுந்தது. இறக்கத்தில் நான்காவது. வழி முழுக்க ரித்விகா, ரித்விகா என்று சொல்லிக்கொண்டே போனார். இரண்டு முறை நடுவில் அந்த டீ நேரப் பேச்சு நினைவுக்கு வந்து, பேர் விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சம்பந்தி வீட்டு வாசலில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சம்பந்தி துண்டைத் தோளில் போட்டுத் தயாராகவே இருந்தார்.

"வந்துட்டாரு, வந்துட்டாரு" என்றாள் முன்பே வந்திருந்த மாதப்பனின் மனைவி பூவம்மாள். "புருசனப் பாத்தா மெக்கானிக் மாதிரி இருக்குது. கையக் கழுவுங்க, கிரீஸு."

கையைக் கழுவினார். குழந்தையை அவர் மடியில் வைத்தார்கள். குனிந்து, அந்தச் சின்னக் காதருகே வாயைக் கொண்டுபோனார். காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை அதே வேகத்தில் இருந்தது.

"ரித்விகா!"

தெருக்கோடி வரைக்கும் கேட்டது. குழந்தை வீறிட்டது.

"காதுல சொல்லுன்னா, ஷிப்டுல ஆள் கூப்புடற மாதிரியா கூப்புடுவாங்க?" பூவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாதப்பன் அழுகிற பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய காது இரண்டும் செக்கச் செவேலென்று சிவந்திருந்தன.