கோபம் வருமா என்று கேட்க வந்தவர்

திண்டுக்கல்லில் ஒரு விளையாட்டு விடுதி. அங்கிருந்து பயிற்சியாளர் மேடம் எங்கள் வீட்டுக்கே வருகிறார் என்று பி.டி. சார் போனில் சொன்ன நிமிடத்திலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்போது நான் எட்டாம் வகுப்பு. பள்ளிக் கூடைப்பந்து அணியில் அந்த வருடம்தான் பாயின்ட் கார்டு ஆகியிருந்தேன். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, நீ இங்கே நில், நீ அங்கே ஓடு என்று மற்ற நான்கு பேரையும் ஏவுகிற வேலை. என் வாய்க்கென்றே செய்து வைத்த வேலை.

மேடம் நான் ஆடிய வீடியோவைப் பார்த்திருந்தார். கை வேகம் போதும், ஆனால் பந்து பறிபோனதும் முகம் செத்துவிடுகிறது. இந்தப் பிள்ளை மற்றவர்களை அதட்டி நடத்துமா, ஒடுங்கிப் போகுமா என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாராம். தேறினால் விடுதியில் இடம். இல்லாவிட்டால் என் ஆட்டம் பள்ளியோடு முடிந்தது.

இதையெல்லாம் அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லிவைத்தேன். பூண்டு லோடோடு வடுகபட்டிச் சந்தைக்குப் போகிற அப்பா எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அக்காவைப் போன தையில்தான் ஆயக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தோம். மேல்மலையில் அந்த வீட்டில் அம்மாவும் நானும்தான்.

மேடம் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மேகம் இறங்கி வாசலே தெரியவில்லை. பூண்டு மூட்டைகளை ஒட்டி நான் நின்றேன். பிள்ளைக்குக் கோபம் வருமா என்று மேடம் கேட்டார்.

"கோவமாங்க? அதுக்கு வரவே வராதுங்க. அதட்டிப் பேசத் தெரியாது. நாலு பேரு சொன்னாக் கேட்டுக்கிட்டுப் பேசாம நிக்கும்" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்ன அதே வார்த்தைகள். முந்தின நாள்தான் வாயை அடக்கடி என்று குழாயடியில் ஊரே கேட்க என்னைத் திட்டியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் என்ற நினைப்பில் பேசுகிறாளோ என்று பயந்து கண்ஜாடை காட்டினேன். பார்க்காதது போல இருந்தாள். தோற்றால் என்ன செய்வாள் என்று மேடம் கேட்டதற்கு, அழுதுகொண்டு தன் மடியில் வந்து படுத்துக்கொள்ளும் என்றாள். மேடம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன். அன்று பயந்ததுபோல் பிறகு எதற்கும் நான் பயந்ததில்லை.

"பொய் சொல்லாதம்மா" என்றேன். "நேத்துக்கூட என் வாயப் பத்தித்தான திட்டுன? மேடம், பந்து போனா எனக்குப் பயம் வரும். ஆனா வாய் நிக்காது. கூட ஆடுற புள்ளைககிட்டக் கேட்டுப் பாருங்க."

குரல் நடுங்கியது. ஆனாலும் முழுவதையும் சொல்லிவிட்டேன். மேடம் அம்மா பக்கம் திரும்பினார்.

"பயந்துக்கிட்டேதான் பேசுறா பாருங்க. எனக்கு இது போதும்."

மேடம் வந்த ஜீப் போன பிறகு அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். இப்படியா உளறுவது, நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன் என்று அவளைக் கேலி வேறு செய்தேன். அவள் வெரசா சாப்பிடச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மேடம் என்ன கேட்டார் என்பது அம்மாவுக்கு முதலிலேயே சரியாகப் புரிந்திருந்தது. அன்று அந்த வீட்டில் என்னைவிட அதிகமாகப் பயந்துபோயிருந்தவள் அவள்தான். நானும் போய்விட்டால் அங்கே அவள் மட்டும்தான். அதுதான் அப்போது எனக்குப் புரியவில்லை.