ஒன்றாம் எண் நட்சத்திரம்

1. தோலிலிருந்து வானத்துக்கு

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில் பதினோரு வருடம் ஷேடு பார்த்தவள் நான். சாயம் ஏற்றும் டிரம்மிலிருந்து வந்து, ஸ்ப்ரே அடித்து, காய்ந்த தோலின் நிறம் வெளிநாட்டு பையர் கேட்ட நிறம்தானா என்று சொல்வது என் வேலை. இப்போது ஆற்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் குவேசார்களின் வெளிச்சத்தை அளக்கிறேன். வீட்டுக்குப் போகும் ஒடுகத்தூர் பஸ்ஸில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிவிடுவேன். குவேசார் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அது எந்த மருந்துக் கம்பெனி என்று கேட்டார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிப்பதற்காக இதை எழுதித்தரச் சொன்னார்கள். என் சாதனை எதையும் எழுதப்போவதில்லை. நான்கு மாதம் விடாமல் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுத் தோலுக்குப் போனவள் நான். எங்கள் தொழிற்சாலையில் நிறம் அளக்கும் மெஷின் ஒன்று இருந்தது. ஒருமுறை மாணவர்களை அழைத்துக்கொண்டு இந்தக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியை ஷாகிரா மேடம் அங்கே வந்தார். மேல்விஷாரத்துக்காரர், என்னைவிட நான்கைந்து வயதுதான் பெரியவர். நான் மெஷினை ஓட்டுவதை அரைமணி நேரம் நின்று பார்த்தார். போகும்போது, "எங்க ப்ராஜெக்ட்ல அளக்கறதுக்கு ஆள் வேணும். அப்ளிகேஷன் போடுங்க கோமதி" என்றார்.

இன்டர்வியூவில் கமிட்டிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "தோல் கலரு பாத்தவங்களுக்கு வானத்துல இன்னாம்மா வேலை?" மேடம்தான் பேசி, வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் என்னைச் சேர்த்தார்.

முதல் நாள் ஒரு படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள். தூரதேசத்து மலை ஒன்றில் இருக்கும் டெலஸ்கோப், வானத்தின் ஒவ்வொரு பகுதியையும் சில நாட்களுக்கு ஒருமுறை படம் எடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் படங்கள் நெட்டில் எங்களுக்கு வரும். இரவு வேலையெல்லாம் டெலஸ்கோப்புக்கு. எங்களுக்குக் காலை ஒன்பதரையிலிருந்து ஐந்து மணிவரை.

"இதுல எது ஸ்டார் இல்ல, சொல்லுங்க" என்றார் மேடம்.

எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தன. அவர் ஒரு புள்ளியைத் தொட்டார். "இதுதான் குவேசார், ஒரு கேலக்ஸியோட நடுமையம். அங்க ஒரு கருந்துளை இருக்குது. அதுக்குள்ள விழப்போற வாயு சுத்திச் சுத்தி சூடாகி எரியுது. அந்த வெளிச்சத்துல கேலக்ஸியே மறைஞ்சுபோய் வெறும் புள்ளியாத் தெரியுது. இந்த வெளிச்சம் கிளம்பறப்போ பூமியே கிடையாது."

"பூமி இல்லாதப்போ கிளம்பினதா மேடம்?"

"சூரியனே கிடையாது."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் புள்ளிக்கு இன்னும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

2. அஞ்சு வைக்கச் சொன்னார்

அளக்கும் முறை எளிது. புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் விழுந்த வெளிச்சத்தை எண்ண வேண்டும். வெளியே ஒரு வளையம் போட்டு வானத்தின் சொந்த வெளிச்சத்தைக் கழிக்க வேண்டும். ஆனால் ஒருநாள் மெல்லிய மேகம் இருக்கும், ஒருநாள் நிலா இருக்கும். எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து மங்கும். குவேசார் மட்டும் மங்கியதா என்று எப்படித் தெரியும்? அதே படத்தில் பக்கத்தில் இருக்கும், வெளிச்சம் மாறாத நட்சத்திரங்களோடு ஒப்பிட வேண்டும். இவற்றுக்கு கம்பேரிசன் ஸ்டார் என்று பெயர். பாவம், எந்தக் கட்டுரையிலும் அவற்றைப் பற்றி யாரும் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை.

"ஒவ்வொரு குவேசாருக்கும் அஞ்சு ஸ்டார் வைங்க. அஞ்சும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதான்னு பாத்துட்டே இருங்க" என்று மேடம் சொல்லியிருந்தார். குறிப்பேட்டிலும் எழுதிக் கொடுத்திருந்தார்.

நான் அஞ்சு வைத்தேன். ஒரு குவேசாருக்கு மட்டும் வைக்கவில்லை.

அதற்கு என் பழைய தொழில்தான் காரணம். ஃபினிஷிங்கில் ஒரு ஆர்டருக்கு ஒரே ஒரு மாஸ்டர் ஸ்வாட்ச்தான். பையர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த, உள்ளங்கை அளவுத் தோல் துண்டு. அதைக் கறுப்புக் கவரில் போட்டு பீரோவில் வைப்போம். இரண்டு ஸ்வாட்ச் இருந்தால் தொலைந்தது. டிரம்காரர் ஒன்றைக் காட்டுவார், ஸ்ப்ரேகாரர் இன்னொன்றைக் காட்டுவார், நாள் முழுக்கப் பேஜார். அடுத்த விதி, பிரவுனைப் பிரவுனோடுதான் ஒப்பிட வேண்டும். கறுப்புத் தோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரவுனைப் பார்த்தால் கண் ஏமாந்துபோகும்.

அந்தக் குவேசாருக்குப் பக்கத்தில் இருந்த நான்கு நட்சத்திரங்கள் கொஞ்சம் சிவப்பு. ஐந்தாவது மட்டும் குவேசாரைப் போலவே நல்ல நீலம், ஏறக்குறைய அதே வெளிச்சம். பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு பொருத்தமான ஸ்வாட்ச் தோலில்கூட எனக்குக் கிடைத்ததில்லை. அதற்கு ஒன்றாம் எண் கொடுத்து, மற்ற நான்கையும் விட்டுவிட்டேன். மேடத்திடம் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமாக அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை.

3. பாதியாய்ப் போன வெளிச்சம்

நான்கு மாதத்தில் அந்தக் குவேசார் மங்கிக்கொண்டே வந்தது. முதலில் கொஞ்சம், பிறகு கால் பங்கு, பிறகு பாதி. நான் வரைந்த கோடு வழுவழுவென்று இறங்கியது. மேடம் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். குவேசார்கள் கூடுவதும் குறைவதும் வழக்கம்தான். ஆனால் இப்படிச் சீராக இறங்கினால், உள்ளே விழும் வாயு தீர்ந்துகொண்டிருக்கலாம். ஒரு கேலக்ஸியின் அடுப்பு நம் கண்முன்னால் அணைகிறது என்று அர்த்தம்.

மேடம் வெளிநாட்டில் பெரிய டெலஸ்கோப் வைத்திருக்கும் குழுவுக்கு எழுதினார். உடனே அதன் ஒளியைப் பிரித்து நிறமாலை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். அவர்கள் ஒத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். எங்கள் மாதிரிச் சின்னக் கல்லூரிக்கு அது லேசில் கிடைக்காது. "இது சரியா வந்துச்சுன்னா அப்புறம் நம்ம லெட்டர படிப்பாங்க கோமதி. தப்பா போச்சுன்னா இனிமே தொறந்துகூடப் பாக்க மாட்டாங்க" என்றார் மேடம். அடுத்த மாதம் என் ஒப்பந்தமும் கமிட்டிக்குப் போக வேண்டியிருந்தது. இந்த ஒரு கோடு போதும், இனி யாரும் தோல்காரி என்று சிரிக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

டெலஸ்கோப்காரர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். அதில் ஐந்து கம்பேரிசன் ஸ்டார்களின் அளவு கேட்டிருந்தார்கள். சரி, விட்ட நான்கையும் நான்கு மாதப் படங்களிலும் அளந்து கட்டத்தை நிரப்புவோம் என்று வியாழக்கிழமை காலையில் உட்கார்ந்தேன்.

நான்கும் ஒன்றோடொன்று அச்சாக ஒத்துப்போயின. அவற்றோடு ஒப்பிட்டால் எங்கள் குவேசார் அசையாமல் அப்படியே இருந்தது. மங்கவே இல்லை. ஒன்றாம் எண் மட்டும் நான்கு மாதமாக ஏறிக்கொண்டே போயிருந்தது.

மூன்று தடவை திரும்ப ஓட்டினேன். மூன்று தடவையும் அதே கதைதான். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், நிஜமாகவே யோசித்தேன்.

மேடம் அறையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், அது மங்கல."

"எது?"

"நம்ம குவேசாரு. அது அப்படியேதான் இருக்குது. நான் வச்ச ஒண்ணாம் நம்பர் ஸ்டார்தான் ஜாஸ்தியாயிட்டே போகுது."

"மத்த நாலும் இன்னா சொல்லுது?"

"நான் அத சேக்கவேயில்ல மேடம். ஒண்ண மட்டும்தான் வச்சேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அஞ்சு வைங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"ஃபேக்டரில ஒரே ஸ்வாட்ச்தான் மேடம். அந்தப் பழக்கத்துல..."

"ஃபேக்டரிய இழுக்காதீங்க. நான் சொன்னத நீங்க செய்யல. அவ்ளோதான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுகைக்கு நடுவில் இன்னொரு மட்டமான யோசனையும் சொன்னேன். "மேகம் ஜாஸ்தி, டேட்டா சரியில்லன்னு எழுதி வாபஸ் வாங்கிடலாமா மேடம்?"

"நீங்க செஞ்சதுக்கு வானத்து மேல பழி போடுறீங்களா?" அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. "உக்காருங்க. நடந்தத நடந்த மாதிரியே நீங்களே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். ஒரே ஒரு நட்சத்திரத்தை நம்பினேன், அதுவே மாறுகிறது, தவறு என்னுடையது என்று எழுதி, ஒன்றாம் எண் வானத்தில் இருக்கும் இடத்தையும் அதன் நிறத்தையும் ஒரு வரியில் சேர்த்தேன். மேடம் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அனுப்பினார்.

4. அவர்கள் கேட்ட கேள்வி

திங்கட்கிழமை பதில் வந்தது. வருத்தம், கோபம் எதுவும் அதில் இல்லை. நீங்கள் சொல்லும் அந்த ஒன்றாம் எண் இவ்வளவு நீலமாக இருக்கிறதே, ஒதுக்கிய ஒரு மணி நேரம் இன்னும் கையில் இருக்கிறது, அதன் பக்கம் திருப்பட்டுமா என்று கேட்டிருந்தார்கள்.

"திருப்பச் சொல்லலாம். ஆனா ஆசைப்படாதீங்க. வெளிச்சம் மாறுற ஸ்டாரு ஊர்ப்பட்டது இருக்குது" என்றார் மேடம்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவர் என்னிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் கமிட்டி கூடியது. என் கோப்பில் அந்தக் கடிதத்தையும் மேடம் வைத்திருந்தார். ஒரு வருடத்துக்குப் பதிலாக ஆறு மாதம்தான் கொடுத்தார்கள். எனக்கு மேடம் மேல் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தை வைக்காமல் விட்டிருக்கலாமே என்று ஆறாமலிருந்தது மனசு.

நிறமாலை வந்த அன்று மேடம் தன் அறையிலிருந்து கூப்பிட்டார். அது இருந்த கோப்பை அவரும் இன்னும் திறக்கவில்லை. எழுந்து, தன் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"உக்காருங்க. மொதல்ல நீங்க பாருங்க."

திறந்தேன். சாதாரண நட்சத்திரமாக இருந்தால் நிறமாலைக் கோட்டில் மெல்லிய பள்ளங்கள் வரும். இங்கே பள்ளமே இல்லை. அகலமான மேடுகள், ஒன்றன்பின் ஒன்றாக. நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும் வாயு போடும் மேடுகள். என் தோளுக்குப் பின்னால் மேடம் மூச்சை இழுத்துவிட்டார்.

"இது ஸ்டாரே இல்ல கோமதி."

எந்தப் பட்டியலிலும் இல்லாத குவேசார். மேடுகள் வழக்கமான இடத்திலிருந்து சிவப்புப் பக்கமாக நகர்ந்திருந்த தூரத்தை வைத்து மேடம் கணக்குப் போட்டார். நாங்கள் அளக்க நினைத்த குவேசாரைவிட இது இன்னும் பல மடங்கு தொலைவு. அவ்வளவு தொலைவிலிருந்தும் அருகில் இருக்கும் அந்தக் குவேசாருக்குச் சமமாகத் தெரிகிறது என்றால், உண்மையில் அது எப்பேர்ப்பட்ட வெளிச்சம்! சில மாதங்களில் இரண்டு மடங்காகிறது என்றால், ஒளி சில மாதத்தில் கடக்கும் தூரத்தைவிட எரியும் இடம் பெரிதாக இருக்க முடியாது, ஒரு கேலக்ஸிக்கு முன்னால் அது தூசு அளவுதான் என்றார். அந்தத் தூசுதான் கோடானுகோடி சூரியன்களை அமுக்கிவிட்டு இங்கே வரை வந்து நிற்கிறது. நாங்கள் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே மதிய வெயில், மேல்விஷாரத்துப் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மேடம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். அவர் கன்னத்தில் ஈரம் இருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அஞ்சு வையுங்கள். எதை நம்பி அளக்கிறீர்களோ, அதையும் வாரத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். தப்பு செய்தால் அதை முழுதாக எழுதுங்கள், எந்த இடத்தில் எப்படிச் செய்தீர்கள் என்பதுவரை எழுதுங்கள். பூமி உருவாவதற்கு எத்தனையோ காலம் முன்பே கிளம்பி அத்தனை தூரம் வந்த வெளிச்சத்துக்கு நான்கு மாதம் நான் நட்சத்திரம் என்று பெயர் எழுதி வைத்திருந்தேன். மேகம் என்று அன்றைக்கு ஒரு வரி எழுதியிருந்தால், இன்றைக்கும் அது நட்சத்திரமாகவே இருந்திருக்கும்.