இரண்டு லட்சுமிகள்

லட்சுமி மேடம் காலமான செய்தி வந்தபோது நான் அடையாறு சிக்னலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தேன். அவருடைய மகன் பிரபு பேசினான். "அம்மா காலையில எழுந்திருக்கல ஆன்ட்டி" என்றான். மயிலாப்பூரில் தகனம் முடிந்து சில நாள் கழித்து அவனே மறுபடியும் அழைத்தான்.

"ஆன்ட்டி, உங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து அம்மா போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. வயித்து ஸ்கேன் ரிசல்ட் ரெடியாம், உடனே டாக்டரைப் பாக்கணுமாம். அம்மா எப்ப ஸ்கேன் எடுத்தாங்க?"

ஓய்வு பெற்ற பிறகு அவர் எங்கள் மருத்துவமனைப் பக்கமே வரவில்லை. செய்தி அவருக்கானதல்ல என்று உடனே புரிந்தது. யாருக்கானது என்பதுதான் புரியவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலர் மருத்துவப் பதிவுப் பிரிவுகளில் இருப்பவர்கள். மேடத்தோடு வேலை செய்தவர்களும் உண்டு. பிரிவுத் தலைவராக இருந்தும் அவர் தன் அறையில் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பதிவுக் கவுண்டரில்தான் நிற்பார். ஒருநாள் கவுண்டர் பெண் ஒரு கோப்பைப் பார்த்து "சரோஜாவா?" என்று கேட்க, எதிரே நின்ற அம்மாள் தலையாட்டினார். மேடம் குறுக்கே வந்தார்.

"உங்க பேரு என்னம்மா?"

"காந்திமதி."

"அப்புறம் எதுக்குத் தலையாட்டினீங்க?"

"காலைலேர்ந்து குந்திக்கினு கீறேன். எவ பேரு சொன்னாலும் உள்ள வுட்டா போதும்னு கீது."

கூடமே சிரித்தது, மேடமும் சேர்ந்துதான். ஆனால் அன்று மாலை எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே யாரும் பேரை நீங்க சொல்லாதீங்க. அவங்க வாயால வரட்டும்" என்றார். தன் பெயரை வைத்தே விளக்கினார்: "எங்க சிந்தாதிரிப்பேட்டையில லட்சுமின்னு கூப்பிட்டா பசுமாடு கூடத் திரும்பிப் பாக்கும்."

கோப்புகளையெல்லாம் கணினிக்கு மாற்றிய வருடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று பதிவுகள் இருந்தால் புதிய மென்பொருள் அவற்றைத் தானாகவே ஒன்றாக்கிவிடும் என்று அந்த நிறுவனத்துப் பொறியாளர் விளக்கினார். பெயரும் பிறந்த தேதியும் பொருந்தினால் போதுமாம்.

மேடம் கேட்டார்: "தம்பி, உங்க அம்மா பிறந்தநாள் என்னிக்கு?"

"மே கடைசி, மேடம்."

"சர்டிபிகேட்ல இருக்கறதைக் கேக்கல. நிஜமா எப்பப் பொறந்தாங்க?"

பொறியாளர் யோசித்தார். "தீபாவளி சமயம்னு பாட்டி சொல்லுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "ஜூன்ல ஸ்கூல் திறக்கும். வயசு பத்தாதுன்னா ஹெட்மாஸ்டரே மே மாசத்துல ஒரு தேதி போட்டுச் சேத்துப்பாரு. எங்க தெருவுல பாதிப் பேரு ஒரே நாள்ல பொறந்தவங்க. எனக்கும் அவர் போட்ட தேதிதான். உங்க மெஷினுக்கு நாங்க எல்லாரும் ஒரே ஆளா?"

இணைப்புகளை மனிதக் கண் ஒருமுறை பார்த்த பிறகே ஏற்க வேண்டும் என்று மேடம் போராடி உத்தரவு வாங்கினார். பார்ப்பதற்கு ஆள் தரவில்லை. எங்கள் பிரிவில் பாதிப் பேரை வேறு வேலைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வு பெறும் நாள்வரை அவரே உட்கார்ந்து பார்த்தார். விடைபெறும்போது என்னிடம் சொன்னார்: "ரெண்டு ஃபைல் ஒண்ணானா ஒரு ஆள் காணாமப் போறாங்க, வசந்தி. சத்தமே வராது. அதான் பயமா இருக்கு." அவர் போன மாதமே அந்தச் சரிபார்ப்பை நிறுத்திவிட்டார்கள். அவருடைய நாற்காலிக்கு நான் வந்தபோது அதைத் திரும்பக் கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள்.

பிரபுவின் அழைப்புக்குப் பிறகு கணினியில் தேடினேன். இரண்டு ஆர். லட்சுமிகள் ஒருவராகியிருந்தார்கள். இருவருக்கும் அதே மே மாதத் தேதி, அதே வருடம். வேலையில் இருந்தபோது எங்களிடமே வைத்தியம் பார்த்த மேடத்தின் போன் எண் தங்கிவிட்டது, மற்றவரின் எண் அழிந்துவிட்டது. அந்த லட்சுமி சமீபத்தில் வந்திருக்கிறார். கவுண்டரில் "லட்சுமிதானே?" என்று கேட்டிருப்பார்கள், அவரும் ஆமென்றிருப்பார். ஸ்கேன் எடுத்து, முடிவு போனுக்கு வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த முடிவை நான் வாசித்தேன். காத்திருக்கக்கூடிய முடிவு அல்ல. அவரோ, செய்தி வராததால் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

பதிவில் எஞ்சியிருந்தது சைதாப்பேட்டையில் ஆற்றோரத்து முகவரி ஒன்று. போய்ப் பார்த்தேன். வீடுகள் இருந்த இடத்தில் கம்பி வேலி. எதிரே டீக்கடைக்காரர், "எந்த லச்சுமிம்மா? இங்க இருந்தவங்களை எல்லாம் லாரில ஏத்திக்கினு போய்ட்டாங்க. ஊருக்கு வெளிய எங்கியோ வூடு குடுத்துக்கீறாங்களாம்" என்றார். பதிவுகளைப் பிரித்துத் தரும்படி மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினேன். கோரிக்கை பெறப்பட்டது என்று ஒரு வரி பதில் வந்தது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். அறுபதைத் தாண்டிய ஒரு லட்சுமி வயிற்றுவலி என்று உங்கள் கவுண்டருக்கு வந்தால், சைதாப்பேட்டையில் இருந்தீர்களா என்று கேளுங்கள். எனக்குச் சொல்லுங்கள்.

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய கேள்வி. தினமும் காலையில் கவுண்டரில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். கூடவே அவருடைய பதிவையும் மூடாமல் வைத்திருக்கிறேன். இறந்தவரின் பதிவை முடித்துவைப்பது என் வேலை, திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும். தொட்டால் சைதாப்பேட்டை லட்சுமியும் இறந்தவராகிவிடுவார். அதனால் எங்கள் கணினியில் லட்சுமி மேடம் இன்னும் உயிரோடு இருக்கிறார். அம்மாவின் போனை அணைத்துவிட வேண்டாம் என்று பிரபுவிடம் சொல்லியிருக்கிறேன்.

நேற்று மதியம் அதற்கு இன்னொரு செய்தி வந்ததாம். நீங்கள் இன்னும் மருத்துவரைப் பார்க்கவில்லை என்று.