நான்காம் விஷயம்

வீண்டம் ஊர் அட்டை ஆலையில் ரூல்ஃப் பூலன்ஸ் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். ஈர அட்டையைத் தொட்டுப் பார்த்தே அது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதரை ஆலையின் ஓய்வூதிய நிதிக்கான மேற்பார்வைக் குழுவில் கொண்டுபோய் உட்கார வைத்தது யாருடைய குற்றமும் இல்லை. ஓய்வுபெற்றவர்கள் சார்பில் ஒருவர் நிற்க வேண்டும் என்றார்கள். வேறு யாரும் நிற்கவில்லை, இவர் நின்றார். போட்டியில்லாமல் ஜெயித்தவர்களுக்கு வருகிற தெம்பு இவருக்கும் முதல் மாதம் இருந்தது.

இரண்டாம் மாதம் தாள்கள் வந்தன. வட்டி ஏறியதால் நிதியின் கையிலிருந்த கடன் பத்திரங்களின் மதிப்பு சரிந்துவிட்டது, ஆகவே நிதி முன்னைவிட வலுவாக இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. ரூல்ஃப் அந்த வரியை நாலு தடவை படித்தார். பணம் குறைந்திருக்கிறது, அதனால் நிலைமை நன்றாக இருக்கிறது! ஆலையில் எவனாவது இப்படிப் பேசியிருந்தால் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

குழுத் தலைவர் எவெர்ட் பொறுமையான ஆள். விளக்கினார்.

“வட்டி ஏறினா, இருபது வருஷம் கழிச்சுக் கொடுக்கவேண்டியதுக்கு இன்னைக்குக் கொஞ்சமா ஒதுக்கி வெச்சாலே போதும். கையில இருக்கிறது குறைஞ்சாலும், கொடுக்கவேண்டியது அதைவிட அதிகமாக் குறைஞ்சிருச்சு. புரியுதா ரூல்ஃப்?”

“ம்.”

அந்த ‘ம்’ முழுப் பொய்.

அதற்குமேல் புதுச் சட்டம் வேறு வந்து சேர்ந்தது. இதுவரை எல்லோருக்கும் ஒரே பானை. இனி ஆளுக்கொரு பானை. பிரித்துக் கொட்டும்போது பொதுவில் மிஞ்சுகிற சேமிப்பை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஒரு பக்கம் வருடக்கணக்காக ஓய்வூதியம் ஏறாத கிழடுகள். இன்னொரு பக்கம் ஐம்பதை நெருங்குகிறவர்கள். இளவயதில் மூத்தவர்களுக்கும் சேர்த்துக் கட்டியவர்கள் இவர்கள். இளையவர்கள் தங்களுக்காகக் கட்டவேண்டிய நேரத்தில் முறையையே மாற்றிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு கெசீன் கிழடுகள் கட்சி. எழுபத்தெட்டு வயது, இறந்துபோன கணவரின் ஆலை ஓய்வூதியத்தில் வாழ்கிறவள். வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

“ஏம்ப்பா ரூல்ஃப், பதிமூணு வருஷமா என் காசு ஒரு சென்ட் ஏறல. சீஸ் விலை ஏறாமயா இருந்துச்சு? எங்களுக்காகத்தானே நீ அங்க உட்கார்ந்திருக்கே?”

“ஆமா கெசீன்.”

“அப்ப விட்டுக் கொடுத்துடாதே.”

ரூல்ஃபின் மகள் ஹில்லி மறு கட்சி. நாற்பத்தொன்பது வயது, அதே ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவு.

“எங்களுக்கு என்னப்பா கிடைக்கும்?”

“ஏதோ இழப்பீடு இருக்கும்மா.”

“ஏதோன்னா? ஏதோவைச் சூப்புல போட்டுக் குடிக்க முடியுமா?”

“தாள்ல இருக்கு.”

“தாள்ல என்ன இருக்கு?”

“அதான் தெரியல.”

ஹில்லி சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “எனக்காகச் சண்டை போட வேணாம்ப்பா. எங்க வயசுக்காரங்களுக்கு என்ன மிச்சம்னு ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேளு. போதும்.”

“கேக்கறேன்,” என்றார் ரூல்ஃப். மனதாரத்தான் சொன்னார்.

கூட்டத்துக்கு முன் மின்னஞ்சல் வந்தது. கூட்டப் பட்டியலில் நான்காம் விஷயமான சேமிப்புப் பங்கீடு பற்றிப் பேச விரும்புவோர் வியாழன் மதியத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும். ‘எனக்கு ஒரு கேள்வி’ என்று ரூல்ஃப் தட்டச்சு செய்தார். அடுத்த வரி வரவில்லை. கேட்டால் மகளுக்காகக் கேட்கிறான் என்பார்களோ? கெசீனுக்குத் துரோகமோ? கேட்டு, பதில் வந்து, அந்தப் பதிலும் புரியாமல் போனால்? சொந்த மகள் வீட்டில் காபி குடிக்கவே மூன்று வாரம் முன்னால் நாள் குறித்துவிட்டுப் போகிற மனிதர், பேசுவதற்கு மட்டும் நேரம் குறிக்காமல் விட்டார். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

செவ்வாய் காலை கூட்டம். காபி வந்தது, ஆளுக்கொரு பிஸ்கட் வந்தது, டப்பா மூடப்பட்டது. ரூல்ஃப் பங்கீட்டு விவரம் இருந்த நாற்பத்தாறாம் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

“நாலாவதுக்கு யாரும் பேர் கொடுக்கல,” என்றார் எவெர்ட். சுற்றி ஒருமுறை பார்த்தார். மரச் சுத்தியலை மேசையில் ஒரு தட்டு தட்டினார். “அடுத்து, அஞ்சு.”

அவ்வளவுதான். யாரும் பெயர் கொடுக்காத விஷயத்துக்கு ஒரு தட்டு, பேச்சில்லாமலே நிறைவேறிவிடும். தட்டியதை யாரும் மறுபடி கிளறுவதில்லை. ஆனாலும் ரூல்ஃப் கையைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட மோசம், எந்தப் பக்கமும் கை தூக்க வேண்டியதில்லை என்று உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

இடைவேளையில் எவெர்ட்டைப் பிடித்தார்.

“இப்ப நாம என்ன முடிவு பண்ணினோம்?”

வேடிக்கை பண்ணுகிறார் என்று எவெர்ட் சிரித்தார். “உங்க ஆளுங்களுக்குத்தான் பெரும்பகுதி. ஐம்பதுகாரங்களுக்குக் கொஞ்சம். ஒரு எதிர்ப்பும் இல்லைன்னு எழுதி மத்திய வங்கி ஒப்புதலுக்கு அனுப்பிடலாம்.”

சாயங்காலமே சேதி கேட்டு கெசீன் ரை மாவுக் கேக்கோடு வந்து நின்றாள்.

“சண்டை போட்டு வாங்கிட்டியேப்பா!”

“நான் ஒண்ணுமே பண்ணல கெசீன்.”

“அடக்கத்தைப் பாரு!”

கேக் நன்றாக இருந்தது. அது வேறு அவருக்கு எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, குறித்த நேரத்துக்கு, ஹில்லி வந்தாள். ஆலை அறிவிப்புப் பலகையில் எல்லாம் படித்துவிட்டிருந்தாள். கோபமாக வரவில்லை. அதுதான் ரூல்ஃபுக்குக் கலக்கமாக இருந்தது.

“கொஞ்சம்தான் கொடுத்திருக்காங்க. சரி, போகட்டும். கூட்டத்துல எங்களுக்கு எதிரா யாருப்பா பேசினாங்க?”

“யாரும் பேசல.”

“நிஜமாவா?”

“ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லல.”

அவள் முகம் தெளிந்தது. “அப்ப நீ கேட்டதுக்கு என்ன பதில் சொன்னாங்க?”

ரூல்ஃப் காபிக் குவளையைக் கீழே வைத்தார்.

“நான் கேக்கலம்மா.”

“ஏன்?”

“என்ன கேக்கணும்னே எனக்குத் தெரியல.”

“அதை நான்தான் சொல்லிக் கொடுத்தேனேப்பா,” என்றாள் ஹில்லி.