கோல்கீப்பரின் விரல்கள்

எங்கள் கிளப்பின் சட்டைகளைத் துவைத்து, பூட்ஸ்களுக்கு மெழுகு பூசி, எல்லாருக்கும் மாத்தே டீ ஊற்றிக் கொடுத்தே எவரிஸ்தோவுக்குத் தலை நரைத்துவிட்டது. புவெனஸ் அய்ரஸின் தெற்கே, தோல் ஆலைகளுக்குப் பின்னால் இருக்கும் சின்ன கால்பந்து கிளப் அது. அந்தக் குளிர்காலத்தில் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் நிர்வாகம் இரண்டு நல்ல தடுப்பாட்டக்காரர்களை விற்றது. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எதிரிகள் எங்கள் கோலுக்குள் சந்தைக்குப் போவதுபோல வந்துபோனார்கள். ஊர் திட்டியதெல்லாம் கோல்கீப்பர் நஹுவேலைத்தான்.

ஒரு வியாழக்கிழமை, பயிற்சி முடிந்ததும் கச்சோ தன் ஆட்களோடு உடைமாற்றும் அறைக்குள் புகுந்தான். மைதானத்தில் முரசடிக்கும் ரசிகர் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். அணி தோற்றால் இப்படி வந்து மிரட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். காவலாளியே கேட்டைத் திறந்துவிடுவான்.

முதல் குத்தில் கேப்டனின் மூக்கு உடைந்தது. இரண்டு பேர் நஹுவேலின் வலது கையைப் பெஞ்சில் அழுத்திப் பிடித்தார்கள். கச்சோ இரும்புக் குழாயை ஓங்கினான்.

"பந்து பிடிக்காத கை உனக்கு எதுக்குடா?"

எவரிஸ்தோ அந்தக் கையின்மேல் குப்புற விழுந்தார். குழாய் அவர் தோளில் இறங்கியது.

"எந்திரி கிழவா! போய் ஜட்டி துவைக்கிற வேலையப் பாரு."

"டிஃபெண்டர வித்தவன விட்டுட்டு இவன ஏன்டா அடிக்கிற? வித்த காசுல உனக்கும் ஒரு கவர் வந்துச்சே! கிளப் தலைவர் ரூம்ல நீ அத வாங்குறப்ப மாத்தே ஊத்துனது நான்தான்."

நஹுவேலின் கையைப் பிடித்திருந்தவன் நிமிர்ந்தான். "என்ன கவரு, கச்சோ? பஸ்ஸுக்குக்கூட காசில்லன்னு எங்ககிட்ட சொன்ன?"

கச்சோ எவரிஸ்தோவின் தாடையில் அடித்தான். பற்கள் தரையில் சிதறின. அவன் ஆட்களுக்கு அதுவே பதிலாகப் போதுமானதாக இருந்தது. நஹுவேலை விட்டுவிட்டுக் கச்சோமேல் பாய்ந்தார்கள். தலையைப் பிடித்து ஷவர் சுவரில் மோதினார்கள். குழாயைப் பிடுங்கி முழங்காலை நொறுக்கினார்கள். அவன் அலறல் தெருவரை கேட்டது.

நஹுவேலின் விரல்கள் தப்பின. சேதமில்லாத விரல்கள் என்பதால் நல்ல விலை கிடைத்தது. அடுத்த வாரமே நிர்வாகம் அவனையும் விற்றது. தாடையில் கம்பி கட்டியிருந்த எவரிஸ்தோவுக்குப் பாக்கிச் சம்பளம் அந்தப் பணத்திலிருந்துதான் வந்தது.

ஞாயிறன்று கோலில் நின்றவன் பதினேழு வயதுப் பையன். ஆறு கோல் வாங்கினான். ஆட்டம் முடிந்து முரசு நின்றதும் எவரிஸ்தோ அவனை அறைக்குள் இழுத்து, தாழ்ப்பாள் போட்டு, வாஷிங் மெஷினைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.