தஞ்சாவூருக்கு அரைநாள் பேக்கேஜ்

மூணாறில் ஜீப் ஓட்டுகிறவனிடம் உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஊரைச் சொல்லமாட்டான், பாயிண்டைச் சொல்வான். அருவி ஒரு பாயிண்ட், அணை ஒரு பாயிண்ட், யானை வந்தால் அது ஒரு பாயிண்ட், வராவிட்டால் யானை வழக்கமாக வரும் இடம் ஒரு பாயிண்ட். எனக்கு இருபது வருஷத்துக்கும் மேலாக இதுதான் தொழில். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நாங்கள் பார்ட்டி என்போம். பார்ட்டியை இறக்கிவிட்டு, "அரைமணி நேரம், அதுக்குள்ள வந்துருங்க" என்று சொல்லிவிட்டு நான் வண்டியிலேயே இருந்துகொள்வேன். நேரமானால் ஹாரன் அடிப்பேன். படம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் அடித்துப் பிடித்து ஓடி வருவார்கள். எந்தப் பாயிண்டிலும் நான் இறங்கியதே இல்லை. இறங்கிப் போனால் அந்தச் சந்தில் இன்னொருத்தன் வண்டியைச் சொருகி என்னை வெளியே எடுக்கவிடமாட்டான், அது ஒரு காரணம். சும்மா ஒரு இடத்தில் நிற்க எனக்கு வராது என்பது இன்னொரு காரணம்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் என் மகள் கேட்டாள், "ப்பா, தஞ்சாவூர் போயிருக்கீங்களா?"

எங்கே போவது? பிறந்தது மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் எஸ்டேட்டில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீட்டில். கல்யாணம் முடித்ததும் அங்கேயேதான். கீழே இறங்கினால் போடி, தேனி, எப்போதாவது ஒரு சாவுக்கோ சடங்குக்கோ மதுரை. அதற்கு அந்தப் பக்கம் என் வண்டி போனதில்லை, நானும் போனதில்லை. "எதுக்கு கேக்குற?" என்றேன்.

அவள் எறணாகுளத்தில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்கப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்ததும் அதை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். போனால் ரெண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது. எங்களுக்கு இருப்பது அவள் ஒருத்திதான். இதில் இன்னொரு கூத்து, ஏஜென்சிக்காரன் அவளோடு போகிற கூட்டத்துக்கெல்லாம் சேர்த்துத் திருச்சியிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டான். கொச்சி ஏர்போர்ட் மலையிறங்கினால் வந்துவிடும். அதை விட்டுவிட்டு எங்களை எதற்குய்யா திருச்சிக்கு விரட்டுகிறாய் என்று போனில் நான் கத்தியது பக்கத்து லயம் வரை கேட்டிருக்கும். அவன் அசரவில்லை. மகள்தான் போனைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "நல்லதா போச்சுப்பா. திருச்சிலருந்து தஞ்சாவூர் பக்கம்தான். பிளைட்டு ராத்திரிதான். கொஞ்ச நேரம் போயிட்டு வந்துரலாம்."

அப்புறம் விஷயத்தைச் சொன்னாள். ஹாஸ்டலில் கூட இருந்த பிள்ளைகள் அவளை 'தமிழத்தி' என்றுதான் கூப்பிடுமாம். ஒருத்தி போனில் தஞ்சாவூர்க் கோயில் படத்தைக் காட்டி, இது உன் வீட்டுக்குப் பக்கமா என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறாள்.

"நானும் ஆமானு தலையாட்டிட்டேன்ப்பா. என்ன சொல்லச் சொல்றீங்க? இங்க இருந்தா நம்மள தமிழுங்கிறாங்க. போடி எறங்குனா மலையாளத்துக்காரங்கங்கிறாங்க. சிங்கப்பூர்ல போயி எந்த ஊருனு கேட்டா நான் எதைச் சொல்ல? ஒருவாட்டி அதப் பாத்துட்டாவது போறேன்."

அவ்வளவுதான், எனக்குக் காலில் சக்கரம் கட்டிவிட்டது. இத்தனை வருஷம் ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறேன், என் பிள்ளைக்கு ஒரு ஊரைக் காட்டமாட்டேனா? அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். விடியுமுன்னே கிளம்பணும். பெரிய கோயில் ஒரு பாயிண்ட். அரண்மனை ஒரு பாயிண்ட். அங்கேயே பழைய ஓலைச்சுவடி வைத்திருக்கிறார்களாம், அது ஒன்று. தலையாட்டிப் பொம்மை விற்கிற கடைத்தெரு ஒன்று. திருவையாற்றில் அசோகா அல்வா என்று சொன்னார்கள், வாயில் போட்டுவிட்டு அப்படியே கல்லணை. நேரம் மிஞ்சினால் திருச்சி மலைக்கோட்டை. வண்டியைத் துடைக்கும்போதும் இதே யோசனை, பார்ட்டியை ஏற்றிக்கொண்டு போகும்போதும் இதே யோசனை. ஒரு நாள் டெல்லிப் பார்ட்டி ஒன்றைத் திரும்புகிற இடத்தில் திருப்பாமல் தேவிகுளம் வரை கொண்டுபோய்விட்டேன். அவர்கள் அதையும் ஒரு பாயிண்ட் என்று நினைத்து இறங்கிப் படமெடுத்தார்கள்.

என் சம்சாரம் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். மலைச்சரிவில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து உட்காருவாள். நான் அவள் முன்னால் நடந்துகொண்டே பாயிண்டுகளை ஒப்பிப்பேன். ஒரு நாள் பொறுமை போய்விட்டது அவளுக்கு.

"ஏங்க, செத்த உக்காருங்க. கண்ணு சுத்துது எனக்கு. புள்ள கேட்டது ஒரு கோயிலு. நீங்க என்னமோ ஊரையே வாரிக்கட்டிட்டு வரப்போறவுக மாதிரி பேசுதீக."

"இம்புட்டுத் தூரம் போறோம், ஒண்ணை மட்டும் பாத்துட்டு வர்றதா?"

"எங்கள என்ன பார்ட்டினு நெனச்சீகளா, எறக்கி எறக்கி ஏத்துறதுக்கு?"

மகள் உள்ளேயிருந்து, "அம்மா, கேட்டுச் சொல்லு, இது அரைநாள் பேக்கேஜா முழுநாள் பேக்கேஜா? சாப்பாடு அதுலயே சேத்தியா?" என்றாள். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. வெளியே போய் ஏற்கெனவே கழுவிய ஜீப்பை மறுபடி கழுவினேன். சம்சாரம் பின்னாலேயே வந்து நின்றாள்.

"புள்ள போறாளேனு வயித்தக் கலக்குது, அதான? அழுகணும்னா அழுதுட்டுப் போங்களேன். இதுக்குப் போயி எதுக்கு ஊரூரா சுத்தணும்?"

அவள் சொன்னது அத்தனையும் நிசம். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் என் கண் ரோட்டில் இருக்கும். நின்றால் பிள்ளை முகத்தைப் பார்க்கவேண்டிவரும்.

தேனிப் பக்கம் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிற கூட்டாளி ஒருத்தன் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். "ஏலே, தஞ்சாவூர்ல எத்தன பாயிண்டு ஓட்டுற?"

"ஒரே பாயிண்டுதாம்ல. கோயிலு. உள்ள போயிட்டா பார்ட்டி லேசுல வெளிய வராது. வெயிட்டிங் சார்ஜ் பேசிட்டுப் போ" என்றான்.

"ஒண்ணும் தெரியாத பய" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

போகிற வாரம் பெட்டி கட்டுகிற கூத்து. விமானத்தில் இத்தனை கிலோதான் என்று கணக்கு இருக்கிறதாம். எங்கள் வீட்டில் தராசு எங்கே? கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். இலை மூட்டை தொங்குகிற கொக்கியில் பெட்டியை மாட்டினால் முள் எங்கேயோ போய் நிற்கிறது. சம்சாரம் தேயிலைத்தூள், இட்லிப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், கருவாடு என்று அமுக்கியிருக்கிறாள். கொழுந்து போட வந்த பெண்கள் சுற்றி நின்றுகொண்டு, "முத்தெல நெறையக் கெடக்கு, பொறக்கி வீசு" என்று கிண்டல். எடை ஏற்ற முற்றின இலையைச் சேர்த்துப் போட்டால் கொட்டகையில் அப்படித்தான் சொல்லித் திருப்பிவிடுவார்கள். கருவாடு வெளியே வந்தது. ஊறுகாய் வெளியே வந்தது. ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க என் சம்சாரத்தின் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. அதுவரை எல்லாருக்கும் தைரியம் சொன்னவள், தூள் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டாள். நான் சட்டென்று வெளியே போய்விட்டேன்.

ஜீப் அவ்வளவு தூரத்துக்குத் தாங்காது. மச்சினனுடைய காரை வாங்கிக்கொண்டு இருட்டோடு கிளம்பினோம். நான் போட்ட திட்டத்துக்கு ஆயுசு போடிமெட்டு வரைதான். கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி குறுக்கே படுத்துக்கிடந்தது. வரிசையில் நின்று, நின்று, ஸ்டியரிங்கைக் குத்தி, இறங்கிப் போய் லாரிக்காரனைத் திட்டி, திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடி இறங்கினேன். வழி விட்டபோது வெயில் ஏறிவிட்டது.

"கல்லணை போச்சாப்பா?" என்றாள் பின்சீட்டிலிருந்து.

"போச்சு."

திண்டுக்கல் தாண்டும்போது, "அல்வா?" என்றாள்.

"கடையில வாங்கித் தாரேன், பேசாம இரு."

திருச்சி பைபாஸில், "மலைக்கோட்டையாவது இருக்கா?" என்றாள்.

"அங்கிட்டுப் பாரு, தூரத்துல தெரியுதே, அதான். பாத்தாச்சுல்ல?"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் கொஞ்சம் வந்தது. ஆனால் மலைக்கோட்டை பின்னால் போகப் போக நான் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். இதே வழியாக இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்ப வரவேண்டும். அப்போது ஏர்போர்ட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

தஞ்சாவூருக்குள் நுழைந்தபோது சாயங்கால வெயில் வந்துவிட்டது. அரண்மனையும் பொம்மைக் கடைத்தெருவும் கழன்றுபோய், கூட்டாளி சொன்னமாதிரியே கடைசியில் ஒரே பாயிண்ட்தான் மிஞ்சியது. கோயிலுக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். மதிலுக்கு மேலே கோபுரத்தின் தலை மட்டும் தெரிந்தது. நான் இன்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்துச் சொன்னேன்: "அரைமணி நேரம், அதுக்குள்ள வந்துருங்க."

சொன்னது எனக்கே தெரியவில்லை. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சம்சாரம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மகள் கதவைத் திறந்தவள், "நீங்க வரலயா?" என்றாள்.

"வண்டியப் பாத்துக்கணும்ல. பெட்டியெல்லாம் உள்ள கெடக்கு. நீங்க போயிட்டு வாங்க."

அவள் கதவைச் சாத்தினாள். பிறகு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். டயரைத் தட்டிப் பார்த்தேன். மறுபடி உட்கார்ந்தேன். அரைமணி ஆனது, அதற்கு மேலும் ஆனது, ஆளைக் காணோம். ஹாரன் அடித்தேன். பூ விற்கிற அம்மா ஒருத்தி, "யோவ், கோயில் வாசல்ல என்னய்யா உனக்கு அவ்ளோ அவசரம்?" என்றாள். நீளமாக இன்னொரு தடவை அடித்தேன். யார் யாரோ திரும்பிப் பார்த்தார்கள், என் பார்ட்டி மட்டும் வரவில்லை. நேரமாகிவிட்டது, உள்ளே விடமாட்டோம் என்று ஏர்போர்ட்டில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். வண்டியைப் பூட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, திட்டுகிறதற்கு வார்த்தையைத் தயார் செய்துகொண்டு உள்ளே போனேன்.

ரெண்டாவது வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டேன். எங்கள் மலையில் சமமான தரை என்று பத்தடி கிடையாது. லயமே சரிவில்தான் இருக்கிறது. இங்கே கண் போகிற வரை கல்லைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். வெயிலில் கிடந்த கல் காலுக்கு இதமாக இருந்தது. கோபுரத்தை முழுசாகப் பார்க்கக் கழுத்தை எவ்வளவோ பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது. அடேயப்பா என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர்கள் கோபுர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் அம்மா தோளில் சாய்ந்திருந்தாள். படம்கூட எடுக்கவில்லை, போன் பையில் கிடந்தது. தயார் செய்து வைத்திருந்த வார்த்தையில் பாதிதான் வெளியே வந்தது. "ஹாரன் அடிச்சது கேக்கலயா?"

"கேட்டுச்சுப்பா" என்றாள் நிமிராமல். "ரெண்டு தடவயும் கேட்டுச்சு. வந்தா அடுத்த பாயிண்ட் ஏர்போர்ட்தான?"

என் கையில் சாவி இருந்தது. சம்சாரம் எட்டி அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். நான் மகளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். எனக்கு உட்காரத் தெரியவில்லை. காலை நீட்டினேன், மடக்கினேன், கடைசியில் மகள் என் முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆனாலும் என்னைச் சீண்டுகிற புத்தி போகவில்லை.

"எத்தன நிமிஷம்ப்பா?"

"இரு தாயி" என்றேன். "வெயிட்டிங் சார்ஜ் கெடையாது."

சொல்லி முடிக்குமுன்னே எனக்கு உடைந்துவிட்டது. அத்தனை ஜனம் நடந்துகொண்டிருந்த இடத்தில், துண்டால்கூட முகத்தை மறைக்காமல் அழுதேன்.